நிலவின் கருஞ்சமவெளிகள்: பள்ளம் வேறு, அதை நிரப்பிய குழம்பு வேறு

நிலவில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கருந்திட்டுகள், பெரிய விண்கற்கள் மோதிய வெப்பத்தில் பாறை உருகிப் பரவியதால் உண்டானவைதாமா, அப்படியானால் அவை ஏன் பூமியை நோக்கிய பக்கத்திலேயே குவிந்திருக்கின்றன என்பது கேள்வி. முதற்பகுதியில் பாதி உண்மை இருக்கிறது. அத்திட்டுகள் கிடக்கும் பெரும்பள்ளங்களைத் தோண்டியவை மோதல்கள்தாம். ஆனால் பள்ளங்களை நிரப்பியிருக்கும் கரும்பாறை அம்மோதல்களில் உருகியது அன்று. நூறு முதல் ஐந்நூறு கிலோமீட்டர் ஆழத்தில் தனியே உருகி, மோதல் ஓய்ந்து பல கோடி ஆண்டுகள் கழிந்த பிறகு வெடிப்புகள் வழியாக மேலே வந்தது. பள்ளம் விழுந்தது ஒரு நிகழ்ச்சி, அது நிரம்பியது வேறொரு நிகழ்ச்சி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டால் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடையே கிடைக்காது.

நம் வீடுகளில் வடை சுடும் பாட்டியாகவும் முயலாகவும் காட்டப்படும் அத்திட்டுகளுக்கு இன்று வழங்கும் பெயர்களில் பெரும்பாலானவை 1651இல் ரிச்சியோலி, கிரிமால்டி என்னும் இரு இத்தாலியப் பாதிரியார்கள் வெளியிட்ட நிலவுப் படத்திலிருந்து வந்தவை. அமைதிக் கடல், மழைக் கடல், புயல்களின் பெருங்கடல் என்று அவர்கள் பெயரிட்ட இடங்களில் ஒரு துளி நீரும் இல்லை என்றாலும், 'கடல்' என்று பொருள்படும் 'மாரே' என்ற லத்தீன் சொல்லே இன்றும் அறிவியல் வழக்கில் நிலைத்துவிட்டது. நிலவுப் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு இச்சமவெளிகள். நமக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 30 விழுக்காட்டுக்கு மேல். மறுபக்கத்தில் 2 விழுக்காட்டு அளவே.

பள்ளங்களைப் பற்றிய சரியான ஊகம் மிகப் பழையது. அமெரிக்க நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1893இலேயே, மழைக் கடலைச் சுற்றியுள்ள மலைகளிலும் மேடுகளிலும் காணப்படும் கீறல்கள் யாவும் அதன் நடுப்பகுதியிலிருந்து ஆரக்கால்கள்போல விரிகின்றன என்பதைக் கவனித்து, அவை ஒரு மாபெரும் மோதலில் சிதறிய பொருள்கள் கிழித்த தடங்கள் என்று எழுதினார். நிரப்பியது எது என்பதில்தான் வழக்கு நீண்டது. எரிமலைக் குழம்பு என்றனர் பலர். மேட்டு நிலங்களிலிருந்து அரிக்கப்பட்டு வந்து படிந்த நுண்தூசி என்று 1955இல் வானியலாளர் தாமஸ் கோல்டு வாதிட்டார். அவர் சொன்னது சரியானால், இறங்கும் கலம் தூசியில் புதைந்துபோகுமோ என்ற அச்சமும் உடன் எழுந்தது. 1967 செப்டம்பரில் அமைதிக் கடலில் இறங்கிய சர்வேயர் 5 என்னும் ஆளில்லாக் கலம் புதையவில்லை. அதிலிருந்த ஆல்பாக் கதிர்க் கருவி தரையின் வேதியியலை அளந்து, அது பசால்ட் என்னும் எரிமலைப் பாறையை ஒத்திருப்பதாகக் காட்டியது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 குழுவினர் அதே கடலிலிருந்து 21.6 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்த பிறகு வழக்கு முடிந்தது.

அந்தக் கல்லைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். பசால்ட்டைத் தமிழில் 'கருங்கல்' என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. அது தவறாக வழிகாட்டும். நம் வீட்டுப் படிக்கும் கோயில் தூணுக்கும் போகும் கருங்கல் பெரும்பாலும் கிரானைட்டோ சார்னோகைட்டோ ஆகும். அவை ஆழத்தில் உருவான வேறு இனப் பாறைகள். தக்காணப் பீடபூமியில் படிப்படியாகப் பரந்து கிடக்கும் எரிமலைப் பாறையே நிலவின் கடற்பாறைக்கு உறவு. ஆனாலும் அது அண்ணன் தம்பி உறவன்று, ஒன்றுவிட்ட உறவு. நிலவுப் பசால்ட்டில் இரும்பு ஆக்சைடு 20 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அமைதிக் கடலின் கற்களில் டைட்டானியம் ஆக்சைடும் 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அந்த டைட்டானியத்தைச் சுமப்பது இல்மனைட், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையைக் கருப்பாக்கும் அதே தாது. ஒளி ஊடுருவாத இல்மனைட்டும் இரும்பு மிகுந்த பைராக்சீன் என்னும் கனிமமும் சேர்ந்துதான் சமவெளிகளுக்குக் கருநிறத்தைத் தருகின்றன. விழும் சூரிய ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவை திருப்பி அனுப்புவதில்லை. தார்ச்சாலைக்கு நெருக்கமான கருமை அது. முழுநிலவன்று அப்படித் தோன்றாததற்குக் காரணம் சுற்றிலும் இருக்கும் வானம் அதைவிடக் கருமையாக இருப்பதே.

இக்கற்களை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர்களை வியக்கவைத்தது அவற்றின் புதுமை. பூமியில் சில கோடி ஆண்டுகளே ஆன பசால்ட்டில்கூட நீர் புகுந்து, ஒலிவின் என்னும் கனிமம் களிமண்ணாக மாறத் தொடங்கியிருக்கும், இரும்பு துருவேறியிருக்கும். 360 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிலவுக் கல்லிலோ, படிகங்கள் நேற்று உறைந்தவைபோலத் தெளிவாக இருந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இரும்பின் ஒரு சிறு பங்கு தூய உலோகமாகவே தங்கியிருந்தது. பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு கனிமமும் அதில் கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரின் பெயர் முன்னெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஆர்மல்கோலைட் என்று பெயர் வைத்தனர்.

மோதலில் உருகியதன்று என்பதற்கு முதல் சான்று காலம். மழைக் கடலின் பெரும்பள்ளம் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் அகலமானது. அது தோண்டப்பட்டது ஏறத்தாழ 390 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன் கிழக்கு விளிம்பில் அப்பல்லோ 15 இறங்கிய இடத்தின் பசால்ட்டுகள் ஏறத்தாழ 330 கோடி ஆண்டு வயதுடையவை. இடையில் 60 கோடி ஆண்டுகள். மோதலில் உருகிய பாறை அவ்வளவு காலம் உருகிய நிலையிலேயே காத்திருக்க வழியில்லை. இரண்டாம் சான்று சரக்கு. மோதல் மேலோட்டைத்தான் முதன்மையாக உருக்கும். அப்படி உருகியது மேலோட்டைப் போலவே அலுமினியம் மிகுந்தும், மோதிய விண்கல்லின் இரிடியம் போன்ற தனிமங்கள் கலந்தும் இருக்கும். அத்தகைய பாறைகளும் அப்பல்லோ சேகரிப்பில் இருக்கின்றன. கடற்பாறைகள் அவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை.

மூன்றாம் சான்று எனக்கு மிகவும் பிடித்தது. யூரோப்பியம் என்னும் அருமண் தனிமம் தன் இனத்துப் பிற தனிமங்களிலிருந்து ஒரு குணத்தால் மாறுபடும்: ஆக்சிஜன் குறைந்த சூழலில் அது கால்சியத்தைப் போல நடந்துகொண்டு, பிளேஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் என்னும் வெண்கனிமத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். நிலவின் வெண்மேட்டு நிலப் பாறைகளில் யூரோப்பியம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. கடற்பசால்ட்டுகளில் அது குறைகிறது. ஓரிடத்தில் மிகுவதும் மற்றோரிடத்தில் குறைவதும் ஒரே கணக்கின் வரவும் செலவும். பசால்ட்டுக்குத் தாயான பாறை ஆழத்தில் படிவதற்கு முன்பே, அந்தக் குழம்பிலிருந்து ஃபெல்ஸ்பார் பிரிந்து போய்விட்டது. போகும்போது யூரோப்பியத்தையும் எடுத்துச் சென்றுவிட்டது.

அந்தப் பிரிவினை எப்போது நடந்தது என்பதற்கான விடையும் அமைதிக் கடலின் மண்ணிலேயே கிடந்தது. கருந்துகள்களுக்கிடையே அங்கங்கே தென்பட்ட வெண்துகள்கள், தொலைவிலுள்ள மேட்டு நிலங்களிலிருந்து தெறித்து வந்த அனார்த்தோசைட் (பெரும்பாலும் ஃபெல்ஸ்பாரால் ஆன வெண்பாறை) என்று ஜான் வுட் குழுவினர் இனங்கண்டு, 1970இல் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தனர்: பிறந்த புதிதில் நிலவின் வெளிப்பகுதி முழுவதும் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது, அது ஆறியபோது எடை குறைந்த ஃபெல்ஸ்பார் மிதந்து மேலோடானது, எடை மிகுந்த ஒலிவினும் பைராக்சீனும் மேலோட்டுக்கு அடியில் படிந்து கவசம் என்னும் உள்ளடுக்காயின. இக்கருத்து இன்றும் நிற்கிறது. 2023 ஆகஸ்டில் தென்முனைக்கு அருகே இறங்கிய சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணும் அனார்த்தோசைட் வகையாகவே இருந்து இதற்கு வலுச்சேர்த்தது. அந்த ஊர்தியைத் தரையில் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்குத் தேவைப்பட்ட செயற்கை நிலவுமண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறையை அரைத்துத்தான் செய்யப்பட்டது. ஆக நம்மிடம் உள்ளது நிலவின் வெண்பகுதிக்கு உறவான கல். கரும்பகுதிக்கு உறவானதைப் பார்க்கத் தக்காணத்துக்குத்தான் போகவேண்டும்.

கவசம் படிந்த பிறகு அதை மீண்டும் உருக்கியது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க வெப்பம். எல்லாப் பாறையும் உருகவில்லை. உருகுநிலை குறைந்த ஒரு சிறு பங்கு மட்டும் கசிந்து திரண்டது. தாய்ப்பாறையில் இல்மனைட் எவ்வளவு கலந்திருந்தது என்பதைப் பொறுத்து அக்கசிவின் டைட்டானியம் அளவு ஒரு விழுக்காட்டுக்குக் கீழிருந்து 13 விழுக்காடுவரை மாறுகிறது. நிலவின் நிழற்படத்தில் வண்ணச் செறிவைக் கூட்டிப் பார்த்தால் அமைதிக் கடல் நீலம் பாய்ந்தும், அதை ஒட்டிய தெளிவுக் கடல் செம்மண் சாயலிலும் தெரிவது இந்த வேறுபாட்டால்தான். இதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டியதில்லை. நல்ல கேமராவே போதும்.

மேலே வந்த குழம்பு மிகவும் நீர்த்தது. கொண்டுவந்த கற்களின் சேர்மானத்தை உருக்கி அளந்தபோது, வண்டிகளுக்கு ஊற்றும் என்ஜின் எண்ணெயை ஒத்த பிசுப்பே அதில் இருந்தது. அதனால் அது குவிந்து மலையாகவில்லை, வழிந்து வெளியாயிற்று. நிலவில் பெரிய எரிமலைக் கூம்புகளைத் தேடி ஏமாறுபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். மழைக் கடலின் இளைய ஓட்டங்களில் மிக நீளமானது 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது; அதன் தடிப்பு சராசரியாக 30 மீட்டரை ஒட்டியதே. இப்படி ஓட்டத்தின்மேல் ஓட்டமாக அடுக்கியதால் விளிம்புகளில் சில நூறு மீட்டரும் பெரும்பள்ளங்களின் நடுவில் சில கிலோமீட்டரும் தடிப்பேறியது. பாய்ந்த வழியிலேயே சில ஓட்டங்கள் தரையை அரித்து வாய்க்கால் வெட்டின. அப்பல்லோ 15 விளிம்பில் நின்று பார்த்த ஹாட்லி வாய்க்கால் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமும் 300 மீட்டர் ஆழமும் கொண்டு, பாம்புபோல வளைந்து 100 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. மேற்புறம் உறைந்து உள்ளே மட்டும் குழம்பு ஓடிய இடங்களில் குகைக் குழாய்கள் எஞ்சின. 2009இல் ஜப்பானின் ககுயா கலம் மாரியஸ் குன்றுகளில் கண்ட செங்குத்தான துளை, அப்படிப்பட்ட குழாய் ஒன்றின் கூரை விழுந்த இடமாகக் கருதப்படுகிறது.

குழம்போடு வாயுவும் வந்தது. அப்பல்லோ 15 குழுவினர் நிலவில் ஊர்தியோட்டிய முதல் நாள், கலத்துக்குத் திரும்பும் வழியில், டேவிட் ஸ்காட் ஒரு கருங்கல்லைக் கண்டார். நேரம் ஆகிவிட்டது, இறங்க அனுமதி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். இருக்கைப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லி வண்டியை நிறுத்தி, ஜேம்ஸ் இர்வின் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருக்க, இறங்கிக் கல்லை எடுத்து வந்துவிட்டார். 15016 என்ற எண் பெற்ற அக்கல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆப்பத்தின் நடுப்பகுதிபோல உடல் முழுதும் மிளகளவுத் துளைகள். உறையும்போது வாயுக் குமிழிகள் சிக்கிக்கொண்ட இடங்கள் அவை. அந்த வாயு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு என்று கருதப்படுகிறது. வாயு மிகுந்த இடங்களில் குழம்பு வாணம்போலப் பீய்ச்சியடித்து, காற்றில்லா வெளியில் நுண்துளிகளாகச் சிதறிக் கண்ணாடி மணிகளாய் உறைந்து விழுந்தது. 1972 டிசம்பரில் நிலவியலாளர் ஹாரிசன் ஷ்மிட் ஷார்ட்டி பள்ளத்தின் விளிம்பில் கண்டு வியந்து கூவிய ஆரஞ்சு மண், ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி விழுந்த மணிகளின் படிவு. இம்மணிகளுக்குள் நீரின் தடம் இருப்பதை ஆல்பர்ட்டோ சால் குழுவினர் 2008இல் காட்டிய பிறகு, நிலவின் உட்பகுதி எலும்புபோல உலர்ந்தது என்ற பழைய எண்ணத்தைத் திருத்தவேண்டியதாயிற்று.

இவ்வளவு கனத்தை ஏற்றினால் தரை தாங்குமா? 1968இல் பால் முல்லரும் வில்லியம் ஷோக்ரனும் லூனார் ஆர்பிட்டர் கலங்களின் பாதையை ஆராய்ந்தபோது, வட்டக் கடல்களைக் கடக்கும்போதெல்லாம் கலம் சற்று வேகமெடுப்பதைக் கண்டனர். பசால்ட்டின் எடையும், மோதலுக்குப் பிறகு அடியில் மேலெழும்பி நின்ற கவசமும் சேர்ந்து அங்கே ஈர்ப்பை மிகுவித்திருந்தன. சுமை தாங்காமல் நடுப்பகுதி அமிழ்ந்தபோது மேற்பரப்பு நெருக்குண்டு மடிப்புகளாகச் சுருங்கியது. விளிம்பு இழுபட்டு நீண்ட பிளவுப் பள்ளங்களாயிற்று. வளர்பிறைச் சஷ்டி, சப்தமி நாள்களில் சிறு தொலைநோக்கியைத் தெளிவுக் கடலின் கிழக்குப் பகுதிக்குத் திருப்பினால், சாய்வெயிலில் ஸ்மிர்னோவ் மடிப்பு பாம்பு நெளிந்ததுபோலத் தெரியும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் நிழல் போய்விடும், மடிப்பும் மறைந்துவிடும்.

இனி, ஏன் ஒரு பக்கம் மட்டும்? 1959 அக்டோபரில் சோவியத் கலமான லூனா 3 மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தபோதே அங்கே மாஸ்கோ கடல் போன்ற சில திட்டுகளைத் தவிர எல்லாம் வெண்மேடுகளாக இருப்பது தெரிந்தது. விண்கற்கள் இரு பக்கமும் விழுந்தன. மறுபக்கத்திலும் பெரும்பள்ளங்களுக்குக் குறைவில்லை. பள்ளம் இருந்தும் குழம்பு வரவில்லை என்பதே, இரண்டும் வேறு வேறு என்பதற்கு வலுவான சான்று. வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் மேலோட்டின் தடிப்பு. மேலோட்டுப் பாறையைவிடக் குழம்பு கனமானது. அதனால் தடித்த மேலோட்டை ஏறிக் கடப்பது அதற்குக் கடினம். மறுபக்க மேலோடு தடித்தது என்பதை 2012இல் சுற்றிவந்த கிரெயில் இரட்டைக் கலங்களின் ஈர்ப்பு அளவீடுகளும் உறுதிசெய்தன.

ஆனால் இந்த விளக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. மறுபக்கத்தின் தென்முனை - எய்ட்கென் பள்ளம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் அகலமானது. அங்கே மேலோடு மெலிந்தே இருக்கிறது. ஆயினும் அதன் தரையில் பசால்ட் திட்டுத்திட்டாகத்தான் கிடக்கிறது. வெப்பமும் கணக்கில் வரவேண்டும். 1998, 1999 ஆண்டுகளில் லூனார் பிராஸ்பெக்டர் கலம் வரைந்த தோரியப் படத்தில், புயல்களின் பெருங்கடலும் மழைக் கடலும் அடங்கிய வட்டாரம் தனித்து ஒளிர்கிறது. பாறைக்குழம்புக் கடல் உறைந்தபோது எந்தக் கனிமத்திலும் இடம் கிடைக்காமல் கடைசிவரை மிஞ்சிய பொட்டாசியம், அருமண் தனிமங்கள், பாஸ்பரஸ் ஆகியவை கொண்ட 'கிரீப்' என்னும் எச்சமும், அதனோடு வெப்பம் தரும் தோரியம், யுரேனியம் ஆகியவையும் ஏனோ நமக்குத் தெரியும் பக்கத்தில் சேர்ந்துவிட்டன. மெலிந்த ஓடும் சூடான அடியும் ஒரே பக்கத்தில் அமைந்தது ஏன் என்பதற்குப் பல கருதுகோள்கள் உண்டு. ஒன்றும் வழக்கை முடிக்கவில்லை.

சீனத்தின் அண்மைப் பயணங்கள் இதில் புதிய சிக்கலைக் கொண்டுவந்தன. 2020 டிசம்பரில் சாங்'இ 5 புயல்களின் பெருங்கடலின் வடகிழக்கிலிருந்து 1,731 கிராம் மண் எடுத்து வந்தது. அதன் பசால்ட்டுக்கு வயது 203 கோடி ஆண்டுகள், அப்பல்லோ கொண்டுவந்த எதையும்விட நூறு கோடி ஆண்டு இளையது. அத்தனை தாமதமாக உருகியதென்றால் தாய்ப்பாறையில் கிரீப் மிகுந்திருக்கும், இல்லையேல் நீராவது உருகுநிலையைத் தாழ்த்தியிருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆய்வில் இரண்டும் பொய்த்தன. 2024 ஜூனில் சாங்'இ 6 தென்முனை - எய்ட்கென் பள்ளத்துக்குள்ளிருந்து, மறுபக்கத்தின் முதல் மண்ணாக 1,935 கிராம் எடுத்து வந்தது. அங்கும் 280 கோடி ஆண்டு வயதுடைய பசால்ட் இருந்தது. கிரீப் சேராத பக்கத்திலும் குழம்பு வந்திருக்கிறது, குறைவாக வந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருள்.

எரிமலை எப்போது ஓய்ந்தது என்ற கேள்விக்கும் இப்போது கறாரான விடை சொல்ல முடியாமற்போயிற்று. விண்கற்பள்ளங்களை எண்ணி வயது கணிக்கும் முறையில், பெரிய சமவெளிகளில் மிக இளையவற்றுக்கு ஏறத்தாழ 120 கோடி ஆண்டு கிடைக்கிறது. ஆனால் 1971இல் அப்பல்லோ 15 சுற்றுப்பாதையிலிருந்து படமெடுத்த இனா என்னும் சிறு பள்ளத்தின் தரையிலும், அதைப் போன்ற பல திட்டுகளிலும் விண்கல் வடுக்கள் மிகக் குறைவு. அதை வைத்து அவற்றின் வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் கீழ் என்று 2014இல் ஓர் ஆய்வு கூறியது. அவை நுரைபோன்ற பாறையானதால் வடு தங்கவில்லை, உண்மையில் மிகப் பழையவை என்று மறுப்பவர்களும் உண்டு. மறுப்புக்கே என் மனம் சாய்ந்திருந்தது. 2024இல் சாங்'இ 5 மண்ணிலிருந்த ஏறத்தாழ 3,000 கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தவர்கள், அவற்றில் மூன்று மட்டும் மோதலில் அல்லாமல் எரிமலையில் பிறந்தவை என்றும், அவற்றின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்றும் அறிவித்தனர். நிலவின் அளவில் ஒரு கோள் அவ்வளவு காலம் உள்வெப்பத்தைக் காத்திருக்க முடியாது என்று கணக்குகள் சொல்கின்றன. மூன்று மணிகளை நம்பிக் கணக்கை மாற்றுவதா, கணக்கை நம்பி மணிகளின் பிறப்பை ஐயுறுவதா என்பதை இனாவின் தரையிலிருந்து ஒரு கைப்பிடிக் கல் வந்தால் தீர்த்துவிடலாம்.